ஹிமாலயனா, டாமினரா? சேலம்–நாமக்கல் ஓட்டத்துக்குப் பழைய டூரிங் வண்டி

மலைக்கு ஹிமாலயன், மெயின் ரோட்டுக்கு டாமினர். பழைய டூரிங் வண்டி தேடுகிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான். சேலம், நாமக்கல் பக்கம் இந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழ். இங்கே மலை ஏறும் முக்கியப் பாதைகள் தார்ச்சாலைகள். சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. அங்கே வண்டி நன்றாகத் திரும்ப வேண்டும், நினைத்த இடத்தில் நிற்க வேண்டும். மண்ணைத் தாண்டும் வேலை அதிகம் இல்லை. மண்ணும் குழியும் இருப்பது கீழே. கோழிப்பண்ணைக்குப் பிரியும் தடம், மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே போகும் இட்டேரி, ஜேடர்பாளையத்திலிருந்து ஓடும் ராஜவாய்க்காலின் கரை, மழைக்குப் பிறகு செம்மண் சேறாகிற ஏரி மேடு என்று சமவெளியில்தான் சாகச வண்டிக்கு வேலை இருக்கிறது.

ஆகவே மலையா சமவெளியா என்று கேட்டுப் பயனில்லை. உங்கள் மாத ஓட்டத்தில் தார் எவ்வளவு, தார் இல்லாதது எவ்வளவு என்பதே கேள்வி. போன மாதம் போன இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். போக நினைத்திருக்கும் லடாக்கை அதில் சேர்க்காதீர்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் இந்த அத்தியாயம் பயன்படும்.

இரண்டு வண்டிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். சாகச வகைக்கு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, ஸ்போர்ட்ஸ் டூரர் வகைக்கு பஜாஜ் டாமினர் 400. இரண்டும் 2016-ல் வந்தவை. பல கைகள் மாறி, குறைநிறைகள் ஊரறிந்தவை. வேறு கம்பெனி வண்டியைப் பார்ப்பவர்களும் கீழே உள்ள முறையை அப்படியே கையாளலாம்.

எந்த வருட வண்டி?

பெயர் ஒன்றானாலும் உள்ளே வண்டி வேறாக இருக்கும். தயாரித்த மாதமும் வருடமும் தெரியாமல் விலை பேசாதீர்கள்.

ஹிமாலயன் 2016 மார்ச்சில் அறிமுகமானது. முதல் வண்டிகளில் கார்புரேட்டர். கியர் சிக்கல் முதல் சேஸிஸ் விரிசல் வரை புகார் அதிகம் வந்தது அந்த வண்டிகளில்தான். 2017-ல் பி.எஸ்.-4 விதிக்கேற்ப ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்தது. 2018-ல் இரு சக்கரங்களுக்கும் ஏ.பி.எஸ். சேர்ந்தது. 2020 ஜனவரியில் வந்த பி.எஸ்.-6 வண்டியில் பின் சக்கர ஏ.பி.எஸ்.ஸை மட்டும் அணைத்துவைக்கும் வசதி உண்டு. மண்ணில் ஓட்டுகிறவருக்கு இது பெரிய உதவி. 2021-ல் வழிகாட்டும் ட்ரிப்பர் திரை வந்தது. 2023 நவம்பரில் புது ஹிமாலயன் 450 வெளியானதும் 411-இன் காலம் முடிந்தது. பழைய விலையில் தேடுகிறவர் 2020-க்குப் பிறகான வண்டியில் தொடங்குவது நல்லது. பட்ஜெட் இடம் தராவிட்டால் 2018-க்குப் பிந்தைய ஏ.பி.எஸ். வண்டி. அதற்கு முந்தையது வேண்டாம்.

டாமினர் 2016 டிசம்பரில் வந்தது. அப்போது ஏ.பி.எஸ். இல்லாத வண்டி 1.36 லட்சம், உள்ளது 1.50 லட்சம் என்று டெல்லி ஷோரூம் விலை வைத்தார்கள். அந்த 14 ஆயிரத்தை மிச்சம் பிடித்தவர்களின் வண்டிகள் இன்றும் சந்தைக்கு வருகின்றன. எவ்வளவு மலிவாக வந்தாலும் அவற்றைத் தொட வேண்டாம். 2019 ஏப்ரலில் என்ஜினே மாறியது: 35 குதிரைத்திறன் 40 ஆனது, முன்பக்கம் தலைகீழ் ஃபோர்க் வந்தது. 2020-ல் பி.எஸ்.-6. 2021 அக்டோபருக்குப் பிறகு கண்ணாடித் தடுப்பு, கை மறைப்பு, என்ஜின் அடித்தகடு, பின் கேரியர், சாய்மானம், யு.எஸ்.பி. சார்ஜர் எல்லாம் கம்பெனியிலிருந்தே பொருத்தி வந்தன. 2019-க்குப் பிந்தையது நல்லது. 2021 கடைசியில் வந்தது கிடைத்தால் கூடுதல் பொருள்களுக்குத் தனிச் செலவு இல்லை.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கேற்ற பாகங்கள் 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிகளுக்குத்தான் கட்டாயமாயின. அதற்கு முந்தைய வண்டியில் பெட்ரோல் ஓடும் ரப்பர் குழாய்கள் இறுகியிருக்கின்றனவா, வெடிப்பு விட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

எண்கள் சாலையில் என்ன சொல்கின்றன?

- ஹிமாலயன் 411: காற்றிலும் ஆயில் கூலரிலும் குளிரும் என்ஜின், சுமார் 24.5 குதிரைத்திறன், 32 நியூட்டன் மீட்டர் இழுவிசை, 5 கியர், 15 லிட்டர் டேங்க், தரையிலிருந்து 220 மி.மீ. உயரம், பி.எஸ்.-6 வண்டியின் எடை 199 கிலோ.
- டாமினர் 400 (2019-க்குப் பின்): கூலன்ட்டில் குளிரும் 373 சி.சி. என்ஜின், 40 குதிரைத்திறன், 35 நியூட்டன் மீட்டர், 6 கியர், ஸ்லிப்பர் கிளட்ச், 13 லிட்டர் டேங்க், தரையிலிருந்து 157 மி.மீ., 2020 வண்டியின் எடை 187 கிலோ.

சீட் உயரம் இரண்டிலும் 800 மி.மீ. என்பதால் குள்ளமானவர் உயரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் நிறுத்தியிருக்கும் ஹிமாலயனை மேட்டில் பின்னால் தள்ளிப் பார்த்தால் கனம் தெரியும். வீட்டு வாசலில் சரிவு இருந்தால் இதை மறக்காதீர்கள்.

இழுவிசையின் அளவைவிட அது வரும் இடம் முக்கியம். ஹிமாலயனில் முழு இழுப்பும் 4,000 முதல் 4,500 ஆர்.பி.எம்.முக்குள் கிடைத்துவிடும். டாமினரில் அது 6,500–7,000-ல்தான். வாய்க்கால் கரையில் இரண்டாவது கியரில் மெதுவாக உருட்டிக்கொண்டு போக ஹிமாலயனுக்குச் சிரமமே இல்லை. அதே வேகத்தில் டாமினர் திணறும், அடிக்கடி கிளட்ச் பிடிக்கச் சொல்லும்.

நெடுஞ்சாலையில் கதை மாறும். சேலத்திலிருந்து நாமக்கல், பரமத்தி வேலூர் வழியாகக் கரூர் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, சங்ககிரி, பவானி வழியாகக் கோவை போகும் 544 இரண்டும் நாற்கரச் சாலைகள். அங்கே இரு சக்கர வண்டிக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. அந்த வேகத்தில் இரண்டு வண்டிகளுமே அலட்டிக்கொள்ளாமல் ஓடும். 40 குதிரைத்திறனின் பயன் தெரிவது நாற்கரத்தைவிட இருவழிச் சாலையில்தான். திருச்செங்கோடு–ஈரோடு, ராசிபுரம்–ஆத்தூர் போன்ற சாலைகளில் முன்னால் போர்வெல் ரிக் லாரி 50-ல் போகிறது, எதிரே கொஞ்சம் இடைவெளி கிடைக்கிறது. 50-லிருந்து 80-க்கு எத்தனை விரைவில் எகிறுகிறது என்பதே அந்த இடத்தில் பாதுகாப்பு. டாமினர் அதைச் சட்டென்று செய்யும். ஹிமாலயனில் பின்னால் ஆளும் பையும் இருந்தால் ஒரு கியர் குறைத்து, அடுத்த இடைவெளிக்குப் பொறுத்திருக்க வேண்டும்.

பிரேக்கிலும் டாமினரே முந்துகிறது. முன் டிஸ்க் அதில் 320 மி.மீ., ஹிமாலயனில் 300. ஹிமாலயனின் 21 அங்குல முன் சக்கரமும் நீண்ட சஸ்பென்ஷனும் குழியை விழுங்கும். ஆனால் அழுத்திப் பிடித்தால் மூக்கு தாழும். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு இடையே இறங்குகிறவரும், கொல்லிமலையின் 70 வளைவிலும் பிரேக் பிடித்துப் பிடித்து இறங்குகிறவரும் இந்த வேறுபாட்டை நன்றாக உணர்வார்கள். கியரைச் சட்டென்று குறைக்கும்போது பின் சக்கரம் துள்ளாமல் ஸ்லிப்பர் கிளட்ச் பார்த்துக்கொள்வதும் இறக்கத்தில் உதவும்.

157 மி.மீ. உயரத்தின் விலை ஊர்ச் சாலையில் தெரியும். ஊராட்சிச் சாலைகளில் அளவில்லாமல் மேடாகப் போட்டிருக்கும் வேகத்தடைகளில், பின்னால் ஆள் இருந்தால் டாமினரின் அடி உரசக்கூடும். குழியில் வேகமாக இறங்கினால் அலாய் ரிம் நெளியும். ஹிமாலயனுக்கு இந்தக் கவலை குறைவு.

வெயில், பங்க்சர், பணிமனை

சித்திரை வெயிலில் சேலம் 40 டிகிரியைத் தொடும் ஊர். டாமினரின் ரேடியேட்டர் என்ஜினைக் காப்பாற்றும், ஆனால் நெரிசலில் ஃபேன் சூட்டைக் காலில் ஊதும். ஹிமாலயனில் ஃபேனும் இல்லை, கூலன்ட்டும் இல்லை. ஒழுகவோ அடைக்கவோ ரேடியேட்டரும் இல்லை. நெரிசலில் நீண்ட நேரம் நின்றால் என்ஜின் சூடேறும், ஓடத் தொடங்கினால் தணியும். தினமும் நகருக்குள் ஓட்டுகிறவருக்கு இரண்டுமே சொகுசு வண்டி அல்ல.

டாமினரில் டியூப்லெஸ் டயர். ஆணி ஏறினாலும் காற்று மெதுவாக இறங்கும். கிட் இருந்தால் நீங்களே ஒட்டிக்கொண்டு போகலாம். ஹிமாலயனில் ஸ்போக் ரிம்மும் டியூபும். லாரித் தொழில் ஊறிய இந்த வட்டாரத்தில் பங்க்சர் கடைக்குப் பஞ்சமில்லை என்றாலும் 21 அங்குல டியூப் எல்லாக் கடையிலும் இருக்காது. ஒன்று வாங்கிச் சீட்டுக்கு அடியிலோ பையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

புல்லட் பார்க்கும் மெக்கானிக் ஹிமாலயனையும் பார்ப்பார் என்று தானாக நம்ப வேண்டாம். பழைய புல்லட்டில் இருப்பது புஷ்ராடு என்ஜின்; ஹிமாலயனில் கேம் மேலே இருக்கிறது. இருந்தாலும் காற்றில் குளிரும் எளிய என்ஜின் என்பதால் பழகிய கை கிடைக்கும். டாமினரில் 2019-க்குப் பின் இரண்டு கேம்; வால்வு வேலை வந்தால் கம்பெனிப் பணிமனையே நல்லது. வாங்கும் முன்பே உங்கள் ஊருக்கு அருகே எந்தப் பணிமனை, சர்வீசுக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று நேரில் கேட்டுவிடுங்கள்.

வண்டியைப் பார்க்கும் முறை

காலையில் போங்கள். வண்டியை முன்கூட்டி ஸ்டார்ட் செய்துவைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். ஆறிய என்ஜினில்தான் ஸ்டார்ட்டிங் கோளாறும் உள்சத்தமும் மறைக்க முடியாமல் வெளிப்படும்.

இரண்டுக்கும் பொதுவானவை:

1. சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எண் பொறித்த இடத்தில் சுரண்டலோ புதுப் பெயின்ட்டோ தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.
2. மீட்டரைவிடத் தேய்மானத்தை நம்புங்கள். 15,000 கி.மீ. என்று மீட்டர் காட்டி, ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் கைப்பிடியும் வழவழப்பாகியிருந்தால் மீட்டர் சொல்வது உண்மையல்ல.
3. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வயதான டயருக்கு மாற்றுச் செலவைக் கணக்கில் சேருங்கள்.
4. ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டுங்கள். எண்ணெய் ஒட்டினால் சீல் போயிருக்கிறது.
5. பின் ஸ்ப்ராக்கெட்டில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பல்லிலிருந்து விலகி இடைவெளி தெரிந்தால் செயின் செட் முழுவதும் மாற்ற வேண்டும்.

ஹிமாலயனில் தனியாக: சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவர் அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கட்டும். ஹேண்டில்பாரை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு சிக்கு தட்டுப்பட்டால் கோன் செட் (ஹேண்டில் பேரிங்) போயிருக்கிறது. இந்த வண்டியில் அடிக்கடி வரும் வேலை இது. ஸ்போக்குகளை ஒரு சிறிய ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. சக்கரத்தைச் சுழற்றி ஆட்டம் பாருங்கள். டேங்க்கின் இருபுறமும் உள்ள இரும்புச் சட்டம் நெளிந்திருந்தால் வண்டி விழுந்திருக்கிறது. ஹேண்டில் கழுத்தருகே சேஸிஸ் வெல்டிங்கில் பெயின்ட் கோடுபோல வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

டாமினரில் தனியாக: என்ஜின் ஆறியிருக்கும்போதே கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கூலன்ட்டில் எண்ணெய் மிதந்தாலோ, ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் மோர் நிறத்தில் இருந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும், வாங்காதீர்கள். ரேடியேட்டரின் முன்பக்கம் கல் பட்டு நெளிந்திருக்கிறதா, குழாய் இணைப்புகளில் கூலன்ட் காய்ந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பின் டயர் நடுவில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் நாற்கரத்திலேயே ஓடிய வண்டி. அது குறையல்ல, ஆனால் வளைவில் சாய மறுக்கும் அந்த டயரை மாற்றித்தான் ஆக வேண்டும். ரிம்மின் உள்விளிம்பைக் கையால் தடவி நெளிவு தேடுங்கள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்காமல் எழுந்திருக்காதீர்கள்.

பார்த்துக்கொண்டே பேசுங்கள். "ஏனுங்ணா, செயின் செட் எப்ப மாத்துனீங்க? பில் இருக்குங்களா?" "கடைசியா எங்க சர்வீஸ் விட்டீங்க?" பில்லை எடுத்துக்காட்டுகிறவரின் வண்டிக்குச் சில ஆயிரம் கூடக் கொடுக்கலாம்.

ஓட்டிப் பார்க்கும் பாதை

தெருமுனை வரை ஓட்டிவிட்டு வருவது சோதனை ஆகாது. இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, ஹெல்மெட் போட்டு, விற்பவரையே பின்னால் உட்கார வைத்து நான்கு வகைச் சாலையில் ஓட்டுங்கள்.

சேலத்தில் என்றால் ஐந்து ரோடு நெரிசலில் தொடங்குங்கள். டாமினரில் ஃபேன் ஓடுகிறதா, ஓடிய பின் டெம்பரேச்சர் எச்சரிக்கை வராமல் இருக்கிறதா? ஹிமாலயனில் சூடான பின் நியூட்ரல் விழுகிறதா, கியருக்கும் கியருக்கும் நடுவே பொய் நியூட்ரல் சிக்குகிறதா? அடுத்து சீலநாயக்கன்பட்டியிலிருந்து நெடுஞ்சாலையில் மல்லூர் வரை 80-ல் போங்கள். நேர்ச்சாலையில் கைப்பிடியைத் தளர்த்திப் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று தெரியும். மல்லூரில் பிரிந்து ஊர்ச் சாலை, வேகத்தடை, கொஞ்சம் மண். நாமக்கல்காரர் சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி வரை போய், முதல் சில வளைவுகள் ஏறி இறங்கினால் பிரேக்கும் கிளட்ச்சும் முழுதாகத் தெரிந்துவிடும். திரும்பியதும் என்ஜினுக்குக் கீழே தரையைப் பாருங்கள். எண்ணெய்ச் சொட்டு ஓடிய பிறகுதான் விழும்.

காகிதம்

லாரி, ரிக், பைனான்ஸ் மூன்றும் சேர்ந்து ஓடும் இந்த வட்டாரத்தில் "ஹெச்.பி. எடுத்தாச்சா?" என்பது எல்லோருக்கும் தெரிந்த கேள்வி. ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் நிதி நிறுவனத்தின் கடனில்லாச் சான்றும் படிவம் 35-உம் வந்த பிறகே பணம் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு. வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு "அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொல்லும் புரோக்கரிடம் வாங்காதீர்கள். பதிவேட்டில் பெயர் யாருடையதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விற்பவரிடம் இதைச் சொன்னால் அவரே அவசரப்பட்டு மாற்றிக்கொடுப்பார்.

பெங்களூர் வண்டி மலிவாக வரும். ஆனால் அங்கிருந்து படிவம் 28-இல் என்.ஓ.சி. வேண்டும், தமிழ்நாட்டில் வரி கட்டிப் புதுப் பதிவெண் வாங்க வேண்டும், கர்நாடகத்தில் கட்டிய வரியின் மிச்சத்தைத் திரும்பப் பெற அலைய வேண்டும். இந்தச் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு டி.என்.-28, டி.என்.-30 வண்டிகளோடு விலையை ஒப்பிடுங்கள்.

2018 செப்டம்பர் முதல் புது இரு சக்கர வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சேர்த்தே விற்கிறார்கள். 2019 வண்டி என்றால் அது 2024-லேயே முடிந்திருக்கும். புதுப்பித்திருக்கிறாரா என்று பாருங்கள். நோ கிளைம் போனஸ் விற்பவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. பாக்கி அபராதங்களை எம்பரிவாஹன் செயலியில் பார்த்து, கட்டிய பிறகு பணம் கொடுங்கள். சத்தம் போடும் வெளிச் சைலன்சர் பொருத்தியிருந்தால் கம்பெனிச் சைலன்சரைத் திரும்ப மாட்டிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசிக் கணக்கு

சொல்லும் விலையை ஒப்பிடாதீர்கள். சாலையில் இறக்கும் விலையை ஒப்பிடுங்கள். கணக்கு முறைக்காக மட்டும் ஒரு எடுத்துக்காட்டு: ஹிமாலயனுக்கு 1,30,000 கேட்கிறார், கோன் செட்டுக்கும் சர்வீசுக்கும் பணிமனை 6,000 என்கிறது. டாமினருக்கு 1,20,000 கேட்கிறார், இரண்டு டயர், செயின் செட், இன்சூரன்ஸ் சேர்ந்து 25,000 ஆகும். கேட்ட விலையில் பத்தாயிரம் மலிவான வண்டி, சாலைக்கு வரும்போது ஒன்பதாயிரம் கூடுதலாகிவிட்டது. பணிமனையின் மதிப்பீட்டை எழுதி வாங்கி விற்பவரிடம் காட்டுங்கள். பேரம் பேச அதைவிட நல்ல ஆயுதம் இல்லை.

இப்போது முதலில் எழுதிய தாளை எடுங்கள்.

- வாரந்தோறும் கோவைக்கோ கரூருக்கோ போகிறீர்கள், விடுமுறையில் ஏற்காடும் கொல்லிமலையும், மண் என்பது அரிது என்றால்: டாமினர், 2019-க்குப் பிந்தையது.
- தினமும் பண்ணைக்கோ காட்டுக்கோ தடத்தில் போக வேண்டும், நெடுஞ்சாலை மாதம் ஓரிரு முறைதான் என்றால்: ஹிமாலயன், முடிந்தால் 2020-க்குப் பிந்தையது.
- இரண்டும் பாதிப் பாதி என்றால் மாடலை மறந்துவிடுங்கள். சர்வீஸ் பில்லும் முதல் ஓனரும் உள்ள வண்டி எதுவோ அதை எடுங்கள். நன்றாகப் பராமரித்த தவறான மாடலோடு வாழ்ந்துவிடலாம். பராமரிக்காத சரியான மாடல் பணிமனை வாசலிலேயே நிற்கும்.

எதை எடுத்தாலும் கையிருப்பில் பத்தில் ஒரு பங்கைத் தனியே வைத்துவிட்டுத்தான் மீதியில் வண்டி தேட வேண்டும். வாங்கிய வாரத்திலேயே ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டரை வீட்டுக்கு அருகிலேயே ஓட்டி, ஒழுகுவதும் தளர்வதும் என்னவென்று பார்த்துச் சரிசெய்யுங்கள். அதன் பிறகு காரவள்ளிக்குப் போகலாம்.